பொறியியல் படிப்பா, இராணுவ அதிகாரிப் பயிற்சியா? பெற்றோர் முதலில் போட வேண்டிய கணக்கு

கோலசிலாங்கூர் – எஸ்பிஎம் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் தோட்டத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனுக்கு எத்தனை ஏ, அடுத்து எங்கே சேர்ப்பது, செலவுக்கு என்ன வழி?

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் லாரி ஓட்டும் ஒருவரின் வீட்டிலும் இதே பேச்சு. அவருக்கு வயது 56. மூத்த மகன் எஸ்பிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறான். கூடுதல் கணிதம், இயற்பியல், இரசாயனம் மூன்றும் எடுத்தவன். பொறியியல் படிக்க வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. “ஆர்மி ஆபீசரா சேர்த்துவிடு, டிகிரியும் கிடைக்கும், காசும் செலவில்லை” என்கிறார் ரவாங்கில் இருக்கும் மாமா. அம்மாவுக்கோ பயம். “தம்பி, ஒரு தடவை சேர்ந்துட்டா பல வருஷத்துக்கு விடமாட்டாங்களாமே? அடிப்பாங்கன்னு வேற சொல்றாங்க” என்று என்னிடம் கேட்டார்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி: “எதுல நம்ம பையனுக்கு சான்ஸ் கூட?”

கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று வட சிலாங்கூர் முழுக்கப் பல குடும்பங்கள் இதே கேள்வியோடு இருக்கின்றன. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த இரண்டு வழிகளும் எப்படி இயங்குகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று படிப்பு, மற்றொன்று வேலை

பொறியியல் கல்லூரியில் கிடைப்பது ஒரு படிப்பு இடம். கட்டணத்துக்குக் கடனோ உபகாரச் சம்பளமோ தேடிக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலையும் தேடிக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்குப் போவது என்பது பிள்ளையின் விருப்பம்.

இராணுவ அதிகாரிப் பயிற்சி என்பது அடிப்படையில் ஒரு வேலை. அந்த வேலைக்குள் பட்டப்படிப்பும் அடங்கியிருக்கிறது. படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்கிறது, படிக்கும் காலத்திலேயே அலவன்ஸ் தருகிறது. அதற்கு ஈடாக, பட்டம் பெற்ற பிறகு ஒப்பந்தத்தில் எழுதியுள்ள காலம் முழுவதும் சீருடையில் சேவை செய்ய வேண்டும்.

உலகெங்கும் இதே முறைதான். அமெரிக்காவில் ஆர்ஓடிசி திட்டத்தில் உபகாரச் சம்பளம் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், படிப்பு முடிந்ததும் அதிகாரியாகப் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். சிங்கப்பூர் ஆயுதப்படை 1971 முதல் வெளிநாட்டுப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. அங்கும் படிப்பு முடிந்தவுடன் சேவை ஒப்பந்தம் உண்டு. எந்த நாட்டிலும் இது இலவசப் படிப்பு ஆகாது. படிப்புக்கு விலையாகப் பிள்ளையின் இளமைக் காலத்தில் சில ஆண்டுகளைக் கொடுக்கிறோம். அது நல்ல பேரமாகவும் அமையலாம். ஆனால் பேரம் என்று தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

பொறியியலுக்குப் போகும் வழிகள்

எஸ்பிஎம் முடித்தவுடன் யாரும் நேராகப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட முடியாது. நடுவில் ஒரு படி இருக்கிறது. நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு முக்கியமாக நான்கு படிகள்.

முதலாவது மெட்ரிகுலேஷன். பெரும்பாலோருக்கு ஓராண்டுப் படிப்பு, கட்டணம் குறைவு, அலவன்ஸும் உண்டு. பகாங், கெடா, ஜொகூர் மாநிலங்களில் பொறியியலுக்கென்றே மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் உள்ளன. நம் மாநிலத்தில் பந்திங்கில் சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. ஆனால் இங்கேதான் நம் சமூகத்துக்கு ஆண்டுதோறும் மனவேதனை. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்பது நீண்டகால ஒதுக்கீடு. 2019-ஆம் ஆண்டில் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், எஸ்பிஎம் தேர்வில் 10ஏ பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அதன் பின் ‘ஏ மைனஸ்’ கணக்கில் சேருமா என்பது பெரிய விவாதமானது. ஆகவே பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டில் எந்த ‘ஏ’ கணக்கில் வருகிறது என்பதைக் கல்வி அமைச்சின் அறிவிப்பிலேயே பாருங்கள். பத்து ஏ இல்லாத பிள்ளை விண்ணப்பிக்கக் கூடாது என்று பொருளில்லை. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் எழுதுவது. மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. வீட்டுக்கு அருகிலேயே படிக்கலாம், செலவு மிகக் குறைவு. பொறியியல் குறிக்கோள் என்றால் கணிதம், இயற்பியல், இரசாயனம் கிடைக்கும் பள்ளியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்டிபிஎம் கடினம் என்று பலர் ஒதுங்குகிறார்கள். உழைக்கத் தயாரான, கையில் காசில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இது கௌரவமான வழி.

மூன்றாவது பாலிடெக்னிக். இது நம் வாசலிலேயே இருக்கிறது. சபாக் பெர்ணம் மாவட்டம் சுங்கை ஆயர் தாவாரில் உள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக்கில் பொறியியல் டிப்ளோமா படிப்புகள் நடக்கின்றன. ஏறக்குறைய மூன்றாண்டு டிப்ளோமா. நல்ல மதிப்பெண் இருந்தால் அதன் பிறகு பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கலாம். நடுவில் குடும்பச் சூழல் இடித்தால், டிப்ளோமாவோடு டெக்னிஷியன் வேலைக்கும் போகலாம். இடையில் இறங்கிக்கொள்ளவும் வசதியுள்ள பாதை இது ஒன்றுதான்.

நான்காவது, அரசுப் பல்கலைக்கழகங்களின் அசாசி எனப்படும் அடித்தளக் கல்வியும், தனியார் பல்கலைக்கழகங்களும். பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகமான யுனிசெல் வளாகம் உள்ளது; அங்கும் பொறியியல் படிப்புகள் உண்டு. தனியார் படிப்பில் நான்காண்டுக் கட்டணம் பல்லாயிரம் ரிங்கிட்டைத் தொடும். முதல் பருவத்துக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கடைசிப் பருவம் வரை கூட்டிப் பாருங்கள்.

அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கு யுபியூ வழியாகத்தான் விண்ணப்பம். தேர்வில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு இணைப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. சாரணர், செம்பிறைச் சங்கம், கடேட் படை என்று பிள்ளை பள்ளியில் செய்ததெல்லாம் இந்த 10 விழுக்காட்டில் சேர்கிறது. சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள்.

‘பொறியியல்’ என்ற பெயரைக் கவனியுங்கள்

கல்விக் கண்காட்சியில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இது. பட்டத்தின் பெயரில் ‘பொறியியல்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நல்ல படிப்புதான். ஆனால் போகும் இடம் வேறு.

1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்படி இயங்கும் பிஇஎம் எனப்படும் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு பெற வேண்டுமானால், இஏசி எனப்படும் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்க வேண்டும். பதிவு பெற்ற பட்டதாரி, குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் முடித்தால் நிபுணத்துவப் பொறியியலாளராகலாம். பெயருக்கு முன் ‘இர்’ என்று போடுவது அவர்கள்தான். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடு என்பதால், இஏசி அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு அந்த உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு.

தொழில்நுட்பப் பட்டதாரிகள் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த எம்போட் எனும் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதிவு பெறுகிறார்கள். தொழிற்சாலை, பராமரிப்புத் துறைகளில் அவர்களுக்கு வேலை உண்டு. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று தெரிந்து சேர்க்க வேண்டும். நான்காண்டு கழித்து, “இது அந்தப் பட்டம் இல்லையா?” என்று கேட்கும் நிலை வரக் கூடாது. படிப்பின் அங்கீகாரத்தை வாரியங்களின் இணையத்தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

சுங்கை பீசியில் நடப்பது என்ன?

மாமா சொன்ன ‘ஆர்மி டிகிரி’ பெரும்பாலும் குறிப்பது யுபிஎன்எம் என்ற மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தை. கோலாலம்பூர் சுங்கை பீசி முகாமில் இருக்கிறது. 1995-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு இராணுவக் கல்விக்கழகமாகத் தொடங்கி, 2006 நவம்பரில் முழுப் பல்கலைக்கழகமானது. சிவில், இயந்திரவியல், மின்னியல் பொறியியல் பட்டங்கள் அங்கே உண்டு.

எஸ்பிஎம் முடித்துப் பயிற்சி அதிகாரியாக, அதாவது கடேட்டாகச் சேரும் பிள்ளை ஓராண்டு அடித்தளக் கல்வி, அதன்பின் பொறியியல் என்றால் நான்காண்டுப் பட்டப்படிப்பு என்று போகிறான். வகுப்பறை ஒரு பக்கம், அதே வளாகத்தில் இராணுவப் பயிற்சிக் கழகம் தரும் பயிற்சி இன்னொரு பக்கம். முடிவில் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றில் ஒன்றில் இளநிலை அதிகாரியாகப் பொறுப்பேற்கிறான். பெண் பிள்ளைகளும் கடேட்டாகச் சேரலாம். சீருடை இல்லாத பொது மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். அவர்களுக்கு இராணுவ ஒப்பந்தம் கிடையாது, இராணுவம் தரும் அலவன்ஸும் கிடையாது. எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை விளம்பரத்தில் வரி வரியாகப் படியுங்கள். குடியுரிமை, வயது, திருமணமாகாதிருத்தல், பாடத் தகுதி என்று ஒவ்வொரு நிபந்தனையும் அதில் இருக்கும்.

இப்போது அப்பா கேட்ட ‘சான்ஸ்’ கேள்விக்கு வருவோம்.

யுபியூ தேர்வு ஒரு வரிசை போன்றது. மதிப்பெண் அதிகமானால் வரிசையில் முன்னே போகலாம். ஒரு பாடத்தில் சற்றுக் குறைந்தாலும் மற்ற பாடங்கள் தூக்கிவிடும். கடேட் தேர்வு தடை ஓட்டம் போன்றது. கல்வித் தகுதி, உயரம், எடை, பார்வை, மருத்துவப் பரிசோதனை, ஓட்டம் முதலான உடல் தகுதித் தேர்வு, மனநலத் தேர்வு, நேர்முகம் என்று ஒவ்வொரு தடையையும் தாண்ட வேண்டும். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகூட நிறக்குருடு காரணமாகவோ ஆஸ்துமா காரணமாகவோ வெளியேறலாம். மதிப்பெண் அங்கே கைகொடுக்காது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை: பிள்ளையை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போய்ப் பார்வை, நிறப்பார்வை, உயரம், எடை பார்த்துவிடுங்கள். சில பொறியியல் படிப்புகளுக்கும் நிறக்குருடு இருக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. எனவே எந்த வழியில் போனாலும் அந்தப் பரிசோதனை வீண் போகாது.

இரண்டு தேர்வும் இவ்வளவு வேறுபட்டவை என்பதால், ‘எதில் வாய்ப்பு அதிகம்’ என்று ஒப்பிட்டு ஒன்றை விடுவதில் அர்த்தமில்லை. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேஷன், யுபியூ, கடேட் மூன்றையும் ஒரே நேரத்தில் நகர்த்தலாம். கடிதம் வந்த பிறகுதான் தேர்வு செய்யும் நிலை வரும். கடேட் நேர்முகம் நன்றாகப் போனது என்று நம்பி ஆறாம் படிவத்திலோ பாலிடெக்னிக்கிலோ கிடைத்த இடத்தைப் பதியாமல் விடுவதுதான் ஆபத்து. கையில் உள்ள இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அடுத்த கடிதத்துக்குக் காத்திருங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானதுதான்

அம்மா கேட்டதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2017 ஜூன் மாதம் யுபிஎன்எம்-இல் படித்துக்கொண்டிருந்த 21 வயது கடற்படைக் கடேட் ஒருவர், சக மாணவர்களின் சித்திரவதையால் உயிரிழந்தார். வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. ஆறு முன்னாள் மாணவர்கள் அவரது மரணத்துக்குக் காரணமான குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

இதைச் சொல்வது, பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று பயமுறுத்த அல்ல. பயிற்சிக் கடுமை வேறு, பகடிவதை வேறு என்ற வேறுபாடு பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் ஓடுவதும், விடியற்காலையில் எழுவதும், உத்தரவுக்குக் கீழ்ப்படிவதும் பயிற்சி. இருட்டறையில் மூத்த மாணவன் கை வைப்பது குற்றம். அப்படி நடந்தால் மறைக்காமல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், போலீஸ் புகாரும் செய்யலாம் என்று பிள்ளைக்குச் சேரும் முன்பே சொல்லிவையுங்கள். “ஆம்பளப் பிள்ளை, பொறுத்துக்கோ” என்ற வார்த்தை மட்டும் நம் வாயிலிருந்து வர வேண்டாம். விடுதிப் படிப்பு எங்கே என்றாலும் இது பொருந்தும்.

அம்மாவின் இன்னொரு பயம் ஒப்பந்தம். சேவைக் காலம் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், ஜாமீன் கையெழுத்து யாருடையது, உடல்நலக் குறைவால் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டால் என்ன ஆகும் – இந்த நான்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கும். மலாயில் உள்ள அந்தப் பத்திரத்தைப் பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லி, வீட்டில் எல்லாரும் கேளுங்கள். புரியாத வரி இருந்தால் பள்ளி ஆசிரியரிடமோ, தெரிந்த வழக்கறிஞரிடமோ கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அதே சமயம், ‘அங்கே நம்மவர்களுக்கு இடமே இல்லை’ என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1967 டிசம்பரில், தமது 31-ஆவது வயதில் அரச மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் டான்ஸ்ரீ கே. தனபாலசிங்கம். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இன்று ஆயுதப்படையில் இந்தியர்கள் குறைவு என்பது உண்மைதான். அந்த நிலை மாற வேண்டுமானால் முதலில் விண்ணப்பம் போட வேண்டும்.

நடுவில் ஒரு வழி: பலாபெஸ்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பலாபெஸ் எனும் ரிசர்வ் அதிகாரிப் பயிற்சிப் படை உண்டு. சாதாரண மாணவனாகப் பொறியியலோ வேறு துறையோ படித்துக்கொண்டே, வார இறுதிகளிலும் விடுமுறை முகாம்களிலும் மூன்றாண்டு இராணுவப் பயிற்சி பெறலாம். பயிற்சிக்கு அலவன்ஸ் உண்டு. முடிவில் ரிசர்வ் படையின் இளநிலை அதிகாரியாகப் பொறுப்பேற்கலாம்.

இது உபகாரச் சம்பளம் ஆகாது. படிப்புக் கட்டணத்தை அது கட்டாது. ஆனால் முழுநேரச் சேவை ஒப்பந்தமும் கிடையாது. சீருடை தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளை தானே தெரிந்துகொள்ளலாம். ஒத்துவந்தால் பட்டம் பெற்ற பிறகு, பட்டதாரிகளுக்கான கடேட் சேர்ப்பில் விண்ணப்பித்து முழுநேர அதிகாரியாகலாம். 18 வயதில் முடிவெடுக்கத் தயங்கும் பிள்ளைக்கு, அந்த முடிவை 22 வயதுக்குத் தள்ளிவைக்கும் வசதி இது.

அப்பாவின் வயதும் கணக்கில் வர வேண்டும்

லாரி ஓட்டும் அந்த அப்பாவுக்கு 56 வயது என்று தொடக்கத்தில் சொன்னேன். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அவருக்கு வேலையில் இன்னும் நான்காண்டுதான் இருக்கிறது. மெட்ரிகுலேஷனோ யுபிஎன்எம்மோ கிடைத்தால் மகன் பட்டம் பெற ஐந்தாண்டு. எஸ்டிபிஎம், பாலிடெக்னிக் வழியில் போனால் ஏறக்குறைய ஆறாண்டு. எந்தப் பாதையில் போனாலும் மகன் பட்டம் வாங்கும் முன்பே அப்பாவின் சம்பளம் நின்றுவிடும். தோட்ட வீடும் வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் தோட்டத்தை நம்பிய பல குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது இன்னும் கனவுதான். படிப்பைப் பற்றி முடிவெடுக்கும் போது கூரையைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டிய நிலை. மாமா சொன்ன ‘செலவில்லாப் படிப்பு’ அந்த வீட்டில் இவ்வளவு கனமாக ஒலித்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே பணக் கணக்கை இப்படிப் போடலாம்.

பிடிபிடிஎன் கடன் டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் கிடைக்கும். மெட்ரிகுலேஷனுக்கும் ஆறாம் படிவத்துக்கும் கிடையாது. விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு தேவை, இப்போதே திறந்துவையுங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். பட்டப்படிப்பில் முதல் வகுப்புத் தேர்ச்சி பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லுங்கள். நன்றாகப் படித்தால் அவனுக்கு அவனே கொடுத்துக்கொள்ளும் உபகாரச் சம்பளம் அது.

அடுத்து ஜேபிஏ எனும் பொதுச் சேவைத் துறையின் கல்வி உதவிகள், யாயாசான் சிலாங்கூர், எம்ஐஇடி, மித்ரா. ஒவ்வொன்றின் திட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்கல்விக்கு மாநில அரசும் உதவி வழங்கி வந்திருக்கிறது; உங்கள் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தில் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் கேட்கும் பத்திரங்கள் ஏறக்குறைய ஒன்றே: பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, எஸ்பிஎம் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம். ஐந்து நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வைத்தால், கடைசி நாளில் கிராணியைத் தேடி ஓட வேண்டியிருக்காது.

கடேட் பாதையில் இந்த ஓட்டம் பெரும்பாலும் இல்லை. உணவு, தங்குமிடம், கட்டணம், அலவன்ஸ் எல்லாம் கிடைக்கிறது. குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்காக மட்டும் விருப்பமில்லாத பிள்ளையை அனுப்பினால், நடுவில் விலகும் நிலை வரலாம். அப்போது திருப்பிக் கட்ட வேண்டிய தொகை பிடிபிடிஎன் கடனைவிடப் பெரிய சுமையாகிவிடும். குடும்பத்தின் வறுமையைத் தீர்க்க எடுக்கும் முடிவே வறுமையைக் கூட்டிவிடக் கூடாது.

உண்மையான கதவு மூன்றாம் படிவத்தில்

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலருடைய பிள்ளைகள் இன்னும் எஸ்பிஎம் எழுதியிருக்க மாட்டார்கள். உங்களுக்குத்தான் இந்தப் பகுதி மிக முக்கியம்.

பொறியியல் பட்டமானாலும் யுபிஎன்எம் பொறியியல் ஆனாலும் கேட்பது ஒரே அடிப்படை: கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல் முதலான பாடங்கள். இவற்றை நான்காம் படிவத்தில் எடுக்காத பிள்ளைக்கு, எஸ்பிஎம் தேர்வில் எத்தனை ஏ வந்தாலும் இந்தக் கதவுகள் திறப்பது கடினம். 2020-இலிருந்து நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பெயர்கள் இல்லை, பாடத் தொகுப்புகள்தான். எந்தத் தொகுப்பில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் இருக்கின்றன என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வும், 2022-இல் பிடி3 தேர்வும் இரத்தான பிறகு, பிள்ளையின் நிலையை வெளியிலிருந்து காட்டும் பொதுத் தேர்வு எஸ்பிஎம் வரை இல்லாமல் போனது. பள்ளி அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்திடுவதோடு நின்றுவிடாமல், மூன்றாம் படிவம் முடியும் முன் கணித ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்.

தேசிய மொழியை அலட்சியப்படுத்த வேண்டாம். எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்கவே மலாய், வரலாறு இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்க வேலைக்கும் மலாயில் கிரெடிட் முக்கியம். தமிழை விட்டுக்கொடுக்காமலேயே மலாயிலும் கெட்டிக்காரனாக இருக்கலாம். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சீருடை ஆசை சிறு வயதிலேயே இருக்கும் பையன்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1952-இல் தொடங்கிய அரச இராணுவக் கல்லூரி நான்காம் படிவத்தில் மாணவர்களைச் சேர்க்கிறது. அது இடைநிலைப்பள்ளிதான், அங்கே படித்தவர்கள் எல்லாரும் இராணுவத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அதற்கும் மூன்றாம் படிவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளையிடம் கேட்டீர்களா?

அன்று அந்த வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அப்பா பேசினார், அம்மா பேசினார், மாமா போனில் பேசினார். வாசல் படியில் உட்கார்ந்திருந்த மகன் மட்டும் பேசவில்லை. கிளம்பும் முன் நான்தான் கேட்டேன்: “தம்பி, உனக்கு எதுல விருப்பம்?”

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “மெக்கானிக்கல் படிக்கணும் அண்ணே. நேவின்னா எனக்கு ஓகே. ஆனா அப்பாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னுதான் ஓகே சொல்றேனான்னு எனக்கே தெரியல.”

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “காசு என் கவலை. நீ உனக்குப் பிடிச்சதச் சொல்லு” என்றார்.

அந்தக் குடும்பம் இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவு இதுதான்: முதலில் கண் பரிசோதனை. மெட்ரிகுலேஷன், யுபியூ, கடேட் மூன்றுக்கும் விண்ணப்பம். எதுவும் வரவில்லை என்றால் ஆறாம் படிவம். கடேட் கடிதம் வந்தால், ஒப்பந்தத்தை முழுதாகப் படித்த பிறகு மகன் சொல்வதே கடைசி வார்த்தை.

எந்த வழியில் போனாலும் அந்த ஐந்தாறு ஆண்டுகளை வாழப் போவது பிள்ளை. வாய்ப்பையும் செலவையும் நாம் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். விருப்பத்தை அவனிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ மகளோ வாசல் படியில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். விண்ணப்ப நாள் முடிவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.